கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் இரண்டு விரல்

என் பிக்கப் வண்டியின் கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. எல்லா பிக்கப்புக்கும் இருக்கும். முன்னால் ஆள் உட்காரும் கூடு தனி, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி தனி. இரண்டையும் அடியில் சேசிஸ் என்கிற இரும்புச் சட்டம்தான் தாங்கிப் பிடித்திருக்கிறது. வண்டி காலியாக நிற்கும்போது அந்தச் சந்தின் மேல் ஓரத்தில் என்னுடைய இரண்டு விரல் சரியாக நுழையும். சாமான் ஏற ஏறத் தொட்டி பின்பக்கம் சாயும், சேசிஸ் கொஞ்சம் வளையும், சந்து மேலே அகலும். மூன்று விரல் நுழைந்தால் பாரம் அதிகம் என்று அர்த்தம்.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. புத்தகத்தில் படிக்கவும் இல்லை. என் படிப்பு இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வருஷத்திலேயே நின்றுவிட்டது. பயத்தில் நானாகக் கண்டுபிடித்தது இது. எங்கே புறப்பட்டாலும் இறங்கிப் போய் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவேன். என் மனைவி அதைப் பார்க்கிறவர்களிடம், "அவரு வண்டிக்குக் காய்ச்சல் பாக்குறாரு, கொஞ்சம் இருங்க," என்று சொல்வாள்.

அவள் சொல்வதில் தப்பில்லை. நான் எதற்கும் பயப்படுகிற ஆள். மழை கொஞ்சம் பலமாகப் பெய்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் போய் டார்ச் அடித்துப் பார்ப்பேன். கேஸ் மூடியாகிவிட்டதா என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன். கோயிலில் பாதர் பிரசங்கம் செய்யும்போது, கைபிரேக் போட்டோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நூறு தடவை பயந்தால் நூறு தடவையும் ஒன்றும் நடக்காது. அதனால்தான் நான் பயப்படுகிறேன் என்றால் வீட்டில் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

ஆனால் வண்டி விஷயத்தில் என் பயத்துக்குக் காரணம் உண்டு.

சொந்த வண்டி வாங்குவதற்கு முன்னால் பல வருஷம் திரிங்காப் என்கிற மலையூரில் ஒரு தவுக்கேயிடம் வேலை செய்தேன். கோஸ், தக்காளி, பூ எல்லாம் போடுகிற சீன முதலாளி. அவருடைய தோட்டத்து வண்டியை நான்தான் ஓட்டினேன். பெரிய பாரம் சுமக்கவே செய்த பழைய கனவண்டி அது. பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம், ஒரு கண்ணாடியும் முழுசாக ஏறாது. ஆனால் குனிந்து அடியில் பார்த்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும். சேசிஸ் நான்கு பக்கமும் மூடிய பெட்டி போல என் தொடை கனத்துக்கு ஓடும். முன்னால் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரைக்கும் உலக்கை மாதிரி ஒரே அச்சு, அதுதான் எக்சல். பின் சக்கரத்தின் நடுவில் பால் டப்பா மாதிரி ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதன் முகத்தைச் சுற்றி நட்டுகள். அந்த டப்பாவைத் தூரத்தில் பார்த்தாலே போதும், கனவண்டி என்று தெரிந்துகொள்ளலாம்.

டப்பாவுக்கு என்ன அர்த்தம் என்று வொர்க்‌ஷாப்காரர் ஒருநாள் செய்தே காட்டினார். கோஸ் மூட்டை ஏற்றியபடி நின்ற வண்டியில் அந்த நட்டுகளைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றவைக்கிற சாஃப்ட் என்கிற நீளமான இரும்புத் தண்டை அப்படியே உருவி வெளியே எடுத்தார். நான் வண்டி சாயப்போகிறது என்று பயந்து ரோட்டுக்கே ஓடிவிட்டேன். அது ஒரு அங்குலம்கூட அசையவில்லை. சுமை முழுக்க சாஃப்டை மூடியிருக்கிற வெளிக்குழாய் மேல் நிற்கிறது, சாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும்தான், ஒடிந்தாலும் சக்கரம் கழன்று போகாது என்று அவர் சொன்னார். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது என்னிடம் இருக்கிற வண்டி அப்படி இல்லை. இதுவும் பழசுதான், ஆனால் லேசு வண்டி. வெளியே பார்த்தால் தவுக்கேயின் வண்டியைவிட இது அழகு. தொட்டியும் கிட்டத்தட்ட அதே அளவு. அங்கேதான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள். தொட்டியில் இடம் இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். அடியில் யார் குனிந்து பார்க்கிறார்கள்? இதன் சேசிஸ் மூடிய பெட்டி கிடையாது. மூன்று பக்கம் மட்டும் மடித்த தகடு, ‘ப’ எழுத்தைச் சாய்த்து வைத்தது மாதிரி ஒரு பக்கம் திறந்து கிடக்கும். முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனிக் கை. பின் சக்கரத்தின் நடுவில் டப்பா இல்லை, தட்டையாக இருக்கும். உள்ளே சாஃப்ட்தான் சுற்றவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும். வெளிப்பக்கம் இருக்கிற பேரிங்கை ஒரே ஒரு இரும்பு வளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த வளையம் நழுவினால் சாஃப்ட், டிரம், சக்கரம் எல்லாம் சேர்ந்து உருவிக்கொண்டு வந்துவிடும்.

இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, பார்த்திருக்கிறேன். திரிங்காப் இறக்கத்தில் எனக்கு முன்னால் தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டு ஒரு லேசு வண்டி போனது. திடீரென்று அதன் வலது பின் சக்கரம் அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சக்கரம் வண்டியை முந்திக்கொண்டு போய், வளைவில் நேராகவே ஓடி, கால்வாயைத் தாண்டி, ஒரு பூத்தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரைக்குள் நுழைந்து மறைந்தது. வண்டி உட்கார்ந்து தேய்ந்துகொண்டே நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் இறங்கி வந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, சக்கரத்தைத் தேடப் போய்விட்டான். ராத்திரி தூங்காமல் கிடந்தது நான்தான்.

அதிலிருந்து வண்டி ஓட்டும்போது என் ஒரு கண் எப்போதும் வலதுபக்கக் கண்ணாடியில் பின் சக்கரத்தின் மேல்தான். சேசிஸைப் பற்றி அவ்வளவு பயம் இல்லை. எனக்கு விற்றவர், கேபினுக்குப் பின்னால் சேசிஸுக்கு இரண்டு பக்கமும் தகடு வைத்து வெல்ட் பண்ணியிருப்பதாகவும் இனி யானையையே ஏற்றலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் எப்படியோ நம்பிவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா வீடு மாற்றவேண்டி வந்தது.

அக்காவும் அத்தானும் பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். அக்கா கொழுந்து வெட்டினாள், அத்தான் கொழுந்து லோரி ஓட்டினார். இரண்டு பேருக்கும் வயசாகி வேலை முடிந்தது. வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வரிசை வீடும் முடிந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவர்கள் மகன் கோலா தெர்லாவில் ஒரு சின்ன வீடு பார்த்துக் கொடுத்திருந்தான். சாமானை யார் கொண்டுபோவது என்ற பேச்சே எழவில்லை. தம்பியிடம் வண்டி இருக்கிறது.

அக்கா போனில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"ஒரே நடைதான் தம்பி. ரெண்டாவது நடை கூடாது."

எங்கள் லயத்துப் பக்கம் இது ஒரு வழக்கம். வீட்டைக் காலி பண்ணிக் கூட்டிப் பெருக்கிப் படியிறங்கிவிட்டால், எதை மறந்து வைத்திருந்தாலும் திரும்பிப் போய் அந்த வாசலை மிதிக்கக்கூடாது. மிதித்தால் புது வீடு தங்காது. பக்கத்து லயத்தில் ஒரு குடும்பம் மறந்துபோன குடத்துக்காகத் திரும்பி வந்ததாகவும், புது வீட்டுக்குப் போன அந்த வருஷமே வீட்டுக்காரர் படுத்த படுக்கையானதாகவும் அக்கா சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதரிடம் கேட்டாளாம். அவர் சிரித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கம்மா என்றாராம். அக்கா ஜெபமும் பண்ணினாள், வழக்கத்தையும் விடவில்லை. அத்தானுக்கு அப்போது நெஞ்சில் ஸ்டெண்ட் வைத்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவள் யாரை நினைத்துப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும்.

பயப்படுகிறவனுக்கு இன்னொருத்தர் பயத்தைத் தள்ளிவிடத் தெரியாது. நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு தூக்கம் போய்விட்டது. தவுக்கேயிடம் போய் அந்தக் கனவண்டியைக் கேட்டேன். எடுத்துக்கோலா என்றார். ஆனால் அது தோட்டத்துக்குள் ஓட்டுகிற வண்டி, ரோட்டு வரி கிடையாது, பெரிய ரோட்டில் பிடித்தால் நீதான் பேசிக்கொள்ள வேண்டும் என்றார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஒரு காய்கறி லோரியைச் சொல்லலாமா என்று அத்தானிடம் கேட்டேன். லயத்துக்கு ஏறுகிற கடைசி வளைவில் நீள லோரி திரும்பாது என்றார். அதுவும் உண்மைதான். கடைசியில் வண்டியை ஜாக் வைத்துத் தூக்கி, பின் சக்கரம் இரண்டையும் கையால் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. எண்ணெய்க் கசிவும் இல்லை. என் மனைவி வாசலில் நின்று, "பல்லு ஆடுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சாமான் ஏற்றுகிற அன்று காலையில் பனி இறங்கி, தேயிலைச் சரிவு பாதிதான் தெரிந்தது. என் மனைவியைக் கோலா தெர்லாவில் பால் காய்ச்சுவதற்கு விட்டுவிட்டு நான் மட்டும் மேலே போனேன். லயத்து ஆட்கள் கைகொடுத்தார்கள். கட்டில், மெத்தை, ஐஸ்பெட்டி, வாஷிங் மெஷின், தையல் மெஷின், இரும்பு பீரோ, சட்டிப்பானைகள் அடைத்த பெட்டிகள், ஆட்டுக்கல். ஒவ்வொரு பெரிய சாமான் ஏறும்போதும் நான் முன்னால் ஓடிப்போய் விரலை வைத்துப் பார்த்தேன். பீரோ வரைக்கும் இரண்டரை. ஆட்டுக்கல் ஏறியதும் மூன்று.

போதும் என்று நான் சொல்லப்போகும்போது, நான்கு பேர் சேர்ந்து வீட்டுக்குப் பின்னாலிருந்து துவைக்கிற கல்லை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் கல்லைப் பற்றி எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசில் அக்கா குழாயடி சிமெண்டில் துவைத்துக் கை தோல் போகிறது என்று சொன்னதற்காக, அத்தான் ஆற்றிலிருந்து கொழுந்து லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து போட்ட கல். மேலே வழவழவென்று, ஒரு ஆள் கால் நீட்டி உட்காரலாம்.

"வாஷிங் மெஷின் இருக்கே அத்தான், கல்லு எதுக்கு?"

"மெஷின் கெட்டுப்போனா?"

இந்த வண்டிக்கு இது தாங்காது என்று சொன்னேன். அவர் நான்கு பேருக்கும் கேட்கிற மாதிரி, இதைப்போல நாலு மடங்கு பாரம் ஏற்றி இதே ரோட்டில் இத்தனை வருஷம் இறங்கியிருக்கிறேன் என்றார். அது கனவண்டி, இது வேற என்றேன். சேசிஸ், எக்சல் என்று கையை வைத்துக் காட்டி விளக்கவும் பார்த்தேன்.

"வண்டி வண்டிதான்லா," என்றார் அத்தான். "நாலு சக்கரம் இருக்கா இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். கல் ஏறியது. தொட்டியின் கடைசியில், பின்கதவை ஒட்டி. பின் எக்சலையும் தாண்டி வெளியே தொங்குகிற இடம் அது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டது மாதிரி உட்கார்ந்தது. விரல் வைத்துப் பார்த்தேன், நான்கு. கல்லை மட்டும் வைத்துவிட்டு நாளைக்கு வந்து எடுக்கலாமா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். மாதா சுரூபத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் கயிற்றை எடுத்துச் சாமானைக் கட்டப் போய்விட்டேன்.

வீட்டைப் பெருக்கிப் பூட்டினார்கள். கீழே தோட்டத்து ஆபிஸில் கணக்கு எழுதுகிற கிராணி சாவியை வாங்கிக்கொண்டார். சாயந்திரமே வேறு ஒரு குடும்பம் வரப்போகிறது என்றார். அதோடு அந்த வீடு முடிந்தது.

கேபினில் நான், நடுவில் அக்கா, ஜன்னல் ஓரம் அத்தான். மாதா அக்கா மடியில். முதல் கியரிலேயே இறங்கினேன். பின்னால் பாரம் அழுத்தி முன்பக்கம் தூக்கிக்கொண்டதால் ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை, பஞ்சு மாதிரி இருந்தது. திருப்பினால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வண்டிக்குத் தெரிகிறது. அந்த ரோட்டில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். தேயிலையைப் பார்க்க வருகிற சுற்றுலாக் கார்கள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓரம் கட்டி நின்று திரும்ப எடுக்கும்போது எங்கேயோ அடியில் கிர்ர் என்று ஒரு சத்தம். எனக்கு வலது பின் சக்கரம்தான் என்று தோன்றியது. கண்ணாடியில் பார்த்தேன். சக்கரம் இருக்கிறது. அடுத்த வளைவில் மறுபடி பார்த்தேன். இருக்கிறது.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா," என்றாள் அக்கா.

அடுத்த வளைவில் சின்னக் குழி. பின் சக்கரம் அதில் இறங்கி ஏறியதும் டங் என்று ஒரு அடி, முதுகுக்கு நேர் பின்னால். கொழுந்து லோரி ஒதுங்குவதற்காக விட்டிருந்த மண் திட்டில் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டேன். டயருக்குக் கல் கொடுத்துவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். பின் எக்சலில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. டிரம்மைத் தொட்டேன், சூடு அளவாகத்தான் இருந்தது. சக்கரம் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. சேசிஸில் சேறு அப்பியிருந்தது, அதில் என்ன தெரியும்?

அத்தானும் குனிந்து பார்த்தார். "ஒன்னும் இல்ல. ஏறு, போலாம்."

நான் எழுந்து வந்து சந்தில் கையை வைத்தேன். நான்கு விரலும் போய், கட்டைவிரலையும் சேர்த்து மடக்கிய கை முழுசாக உள்ளே போனது.

அதை எப்படிச் சொல்வது? சக்கரத்தில் ஒன்றும் இல்லை, எக்சலில் ஒன்றும் இல்லை, என் கை உள்ளே போகிறது, அவ்வளவுதான். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வண்டியைக் கைக்குழந்தை மாதிரித் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர முடியாது என்றார். முன்னால் இருந்ததுதான் அந்த ரோட்டிலேயே பெரிய இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் பாலம், அதன் கீழே பாறை. பின்னால் போகலாம் என்றால் சாவி கிராணியிடம். சாவி இருந்தாலும் அக்காவை அங்கே கொண்டுபோய் இறக்க முடியாது. நான் சந்துக்குள் கையை வைத்தபடியே நின்றேன். எடுத்துவிட்டால் ஏதாவது முடிவு சொல்ல வேண்டியிருக்கும்.

அக்கா மாதாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"எத்தன விரல்?"

கையை வெளியே எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு கீழே பாலத்தைப் பார்த்தாள். அத்தானையும் ஒரு தடவை பார்த்தாள்.

"இறக்குங்க," என்றாள்.

"எங்க இறக்குறது? வீட்டுக்குத் திரும்பிப் போகவா சொல்ற?" என்று அத்தான் கேட்டார்.

"வீட்டுக்கு யாரு போறா? வீட்ட விட்டு வந்தாச்சு. வழியில எத்தன தடவ ஏத்தி இறக்குனா என்ன? இங்கயே பாதியை இறக்குங்க. நான் பாத்துக்கிறேன்."

எனக்கே இது தோன்றவில்லை. ஒரே நடை என்றால் ஒரே பாரம் என்று நாங்கள் எல்லோருமே நினைத்துவிட்டோம். அக்காவுக்குப் பயம் அந்த வாசல்படியின் மேல்தான்.

மோட்டார் சைக்கிளில் வந்த தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரை நிறுத்தி, கல்லையும் ஆட்டுக்கல்லையும் பீரோவையும் வாஷிங் மெஷினையும் தையல் மெஷினையும் மண் திட்டில் இறக்கினோம். விரல் வைத்தேன், மூன்றுக்கும் கொஞ்சம் கூட. பழைய அளவுக்கு இறங்கவில்லையே என்று உறுத்தியது. கட்டில் மரம் பாரமாக இருக்கும் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். அந்தப் பக்கம் இறக்க ஆள் வேண்டும் என்பதால் அத்தான் என்னோடு வந்தார். அக்கா கல்லின் மேல் உட்கார்ந்து, மாதாவை மடியில் வைத்துக்கொண்டாள். மழை வந்தால் என்ன செய்வாய், யாராவது வந்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

"நான் பொறந்ததே இந்த மலையிலடா. என்னை யாரு தூக்கிட்டுப் போவா? நீ போய்ட்டு வா."

பாலத்து இறக்கத்தில் வண்டி அடங்கி இறங்கியது. கோலா தெர்லாவில் என் மனைவி பாலை அடுப்பில் வைத்தபடி வாசலுக்கு வந்து, அக்கா எங்கே என்று கேட்டாள். ரோட்டோரமாக விட்டுவிட்டு வந்தோம் என்றதும் அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் ஒதுங்கி நிற்கத் தோன்றுகிறது. சாமானை இறக்கிப் போட்டுவிட்டு உடனே திரும்பினோம். வழியெல்லாம் நான் போன் அடித்தேன், அக்கா எடுக்கவில்லை. பிரிஞ்சாங் நெரிசலில் நிற்கும்போது, மண் சரிந்திருக்கும், கார் மோதியிருக்கும், பாம்பு வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக என் மனசு பார்த்து முடித்துவிட்டது.

மேலே ஏறினால் அந்த வளைவில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. எனக்கு உயிரே போய்விட்டது. அத்தான் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினார்.

கிட்டப் போனால், கோலாலம்பூர்ப் பக்கத்து ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைக்கு நடுவில் கண்ணாடி வைத்த பீரோ, தையல் மெஷின், கல்லின் மேல் மாதாவோடு ஒரு அம்மா. போட்டோவுக்காகவே யாரோ ஜோடித்து வைத்த இடம் என்று நினைத்துவிட்டார்கள். பீரோக் கண்ணாடியில் மலை தெரிகிறதாம். அக்கா ஆட்டுக்கல்லில் உட்காரக் கூடாது என்று ஒரு பிள்ளையை மலாயில் விரட்டிக்கொண்டிருந்தாள். போன் துண்டுக்குள் மாதாவோடு சுருட்டிக் கிடந்தது.

அத்தான் மூச்சு வாங்கியபடி, "ஒரு போன் எடுக்க மாட்டியா?" என்றார்.

"கூட்டமா இருந்துச்சு," என்றாள் அக்கா.

ரோட்டில் நின்றவர்களே கைகொடுத்து எல்லாவற்றையும் ஏற்றினார்கள். கல் மட்டும் மிச்சம். அத்தான் கல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சந்தில் விரல் வைத்து, மூன்றரை என்று சொன்னேன். கல்லை ஏற்றினால் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அக்கா கல்லை ஒரு தடவை உள்ளங்கையால் தடவிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அத்தானும் நானும் அங்கே நின்றவர்களையும் சேர்த்துக்கொண்டு அதைத் திட்டின் உள்பக்கமாக, தேயிலைச் செடி ஓரத்தில் புரட்டி வைத்துவிட்டு வந்தோம்.

பால் பொங்கும்போது வெளியே மழை பிடித்திருந்தது. அக்கா வலது காலை வைத்து உள்ளே போனாள். பழைய வாசலை அவள் மறுபடி மிதிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டேன். அத்தானும் சும்மா வருகிறேன் என்று கூட வந்தார். மெக்கானிக்கிடம் எக்சலைப் பார்க்கச் சொன்னேன். அவர் டிரம்மைக் கழற்றி, சாஃப்டை உருவி, பேரிங்கையும் வளையத்தையும் என் கையில் கொடுத்தார். புதுசு மாதிரி இருந்தது. நான் இத்தனை வருஷம் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பயந்த வலது பின் சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை. அத்தான் தொண்டையைக் கனைத்தார். மனசுக்குள் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு மெக்கானிக் தண்ணீர் அடித்து சேசிஸில் இருந்த சேற்றைக் கழுவினார். கேபினுக்குப் பின்னால், இடது பக்கத்தில், அந்தத் தகடு முடிகிற இடத்தில் ஒரு கோடு. சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழே பாதி உயரத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. முதலில் கீறல் என்று நினைத்தேன். அவர் ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்தார். உள்ளே போய்விட்டது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். கனவண்டியின் சேசிஸ் வளையாமல் நின்று சுமக்கும். லேசு வண்டியின் சேசிஸ் நீளம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்துத்தான் பிழைக்கும். யாரோ நடுவில் தடித்த தகட்டைச் சதுரமாக வெட்டி, ஓரத்தில் நேர்க்கோடாக வெல்ட் அடித்து, அந்த இடத்தை மட்டும் வளையாமல் பண்ணிவிட்டார்கள். வளைகிற வேலை முழுக்கத் தகடு முடிகிற ஒரே கோட்டில் வந்து விழுந்துவிட்டது. யானை ஏற்றலாம் என்று வண்டியை விற்றவர் சொன்னாரே, அந்தத் தகடுதான் சட்டத்தை அறுத்திருக்கிறது.

நான் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் பயந்த நான் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பயப்படவே இல்லை. அத்தான் குனிந்து அந்த வெடிப்பில் நகத்தை விட்டுப் பார்த்தார். பாலத்து இறக்கத்தை நினைத்திருப்பார். பிறகு எழுந்து எதிர்க் கடைக்குப் போய் எனக்கு ஒரு கிளாஸ் தே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அதைப் பற்றி இன்றுவரை அவர் என்னிடம் பேசியதில்லை. அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார் என்று பின்னால்தான் தெரிந்தது.

வெடித்த துண்டை அறுத்து எடுத்துவிட்டு, வேறொரு லேசு வண்டியின் சட்டத்திலிருந்து துண்டு வைத்து, இரண்டு முனையையும் சாய்வாக வெட்டிச் சேர்த்தார்கள். வலது பக்கத்துத் தகட்டையும் அதே மாதிரிச் சரி பண்ணினார்கள். இப்போது நான் எக்சலுக்கும் பயப்படுகிறேன், சேசிஸுக்கும் பயப்படுகிறேன். நான் காலி நடையாக மேலே போனால், அத்தான் கல்லைப் பார்த்துவிட்டு வா என்பார். ஏற்றிக்கொண்டு வா என்று சொல்வதில்லை. அது அந்த வளைவிலேயே இருக்கிறது. கொழுந்து வெட்டுகிற ஆட்கள் அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் கோயிலுக்கு அக்காவையும் அத்தானையும் நான்தான் ஏற்றிக்கொண்டு போகிறேன். போன வாரம் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கதவுப் பக்கம் வராமல் நேராகக் கேபினுக்குப் பின்னால் போய், எக்கி நின்று, சந்தில் விரலை வைத்தாள்.

"டேய், மூணு போகுதுடா."

இறங்கி ஓடிப்போய் என் விரலை வைத்தேன். இரண்டு.

"உன் விரல் மெலிசுக்கா."

அவள் தன் விரலைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். "அப்ப எனக்கு மூணுதான் கணக்கு," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.